செல்லாதக்கா போட்ட ஓட்டு

மருந்தாளுநர் சங்கத்தில் எல்லோரும் அவளைச் செல்லாதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் உறுப்பினர் பட்டியலில் மட்டும் இருக்கிறது. பத்தொன்பது வருஷம் சங்கத் தேர்தலை நடத்தியவள் அவள். வாக்குச்சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உதட்டைக் குவித்து, "செல்லாது" என்று சொல்லும்போது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்வதுபோல் வருத்தமாகத்தான் சொல்வாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். நானும் அவளும் ஒன்றாகப் படித்தோம், ஒரே வாரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தோம், இருபத்தாறு வருஷமாக மருந்தகத்தில் அடுத்தடுத்த ஜன்னலில் நின்று மருந்து கொடுக்கிறோம். அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. அவள்மேல் கோபப்படவும் உண்டு.

அவளுக்கு முன் எங்கள் சங்கத்தில் நடந்ததைத் தேர்தல் என்று சொல்ல நாக்குக் கூசும். ஒரு வருஷம் ஜெயித்தவருக்கு மாலை போடப் போகிற நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து இவள் எழுந்து, "வந்து கையெழுத்துப் போட்டவங்க எத்தனை பேரு? பெட்டிக்குள்ள எத்தனை சீட்டு?" என்று கேட்டாள். வந்தவர்கள் நூற்று நாற்பது. பெட்டிக்குள் நூற்று அறுபத்து மூன்று. பிறகு நாற்காலிகள் பறந்தன. மறு தேர்தலை யார் நடத்துவது என்று வந்தபோது, கேள்வி கேட்டவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அவள் வேறு ஆள். எந்த வேட்பாளர் வாங்கித் தரும் தேநீரையும் குடிக்க மாட்டாள். வேட்புமனு நாலு நிமிஷம் தாமதமாக வந்தால் வாங்க மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்று கணவருக்கும் மாமியாருக்கும் தகராறு வந்தபோது, ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடச் சொன்னாளாம். மாமியார் தன் சீட்டில் இரண்டு நிறம் எழுதியிருந்தார். செல்லாது என்றுவிட்டாள். அந்த அம்மாள் இரண்டு நாள் இவளோடு பேசவில்லை.

எங்கள் தேர்தலில் அதிகமாகச் செல்லாமல் போவது ஒரே காரணத்தால்தான். மருந்தகத்தில் எங்கள் கை வழியாகப் போகிற எந்தக் காகிதமும் இனிஷியல் இல்லாமல் போகாது. ஒருத்தர் மருந்தை எடுத்து வைத்து இனிஷியல் போட வேண்டும், இன்னொருத்தர் சரிபார்த்து இனிஷியல் போட வேண்டும். வருஷக்கணக்கில் போட்டுப் போட்டு, மூளையைக் கேட்காமலே கை போட்டுவிடும். என் மகளின் மதிப்பெண் அட்டையில் இனிஷியலும் நேரமும் போட்டுக் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்கியவள் நான். வாக்குச்சீட்டிலும் இதே கதை. டிக் அடித்த கையோடு ஓரத்தில் இனிஷியல் போட்டுவிடுவார்கள். யார் போட்டது என்று தெரிந்துவிட்டால் ரகசிய ஓட்டு ஏது? பின்பக்கம் தேர்தல் அலுவலர் என்று அவளுடைய இனிஷியல் மட்டும்தான் இருக்கலாம். ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப்போட வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "கைய அடக்கிக்கோங்க, இது மருந்துச் சீட்டில்ல" என்று தொண்டை வற்றச் சொல்வாள்.

போன தேர்தலில் தலைவர் பதவிக்கு நான் நின்றேன். காரணம் ஒரு சின்னப் பெண். எங்கள் மருந்தகத்தில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஜன்னலுக்கும் அவள் ஒருத்தியையே நிறுத்திவிட்டார்கள். பெயர் ஒன்றுபோலிருக்கும் இரண்டு மாத்திரைகளில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டாள். வாங்கிப் போன பெரியவர் மயங்கி விழுந்து, நாலு நாள் படுக்கையில் கிடந்து எழுந்தார். சரிபார்க்க ஆளில்லாததால் இரண்டு கட்டத்திலும் இவளே இனிஷியல் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரி அவளை வீட்டுக்கு அனுப்பியது. பதிவுக் குழுவுக்கும் எழுதியது. பதிவு போனால் எந்த மருந்தகத்திலும் அவள் நிற்க முடியாது. வேறு வேலையும் தெரியாது.

அப்போது தலைவராக இருந்தவரை நாங்கள் பார்க்கலாம் சார் என்போம். எதற்கும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். சின்னவளைக் கூட்டிக்கொண்டு போய் நின்றோம். "பார்க்கலாம்மா, அவசரப்படாதீங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க பார்த்துக்கிட்டே இருங்க சார், நான் செய்யறேன்" என்று சொல்லிவிட்டு வந்து, அன்று மத்தியானமே வேட்புமனு எழுதினேன். முன்மொழிந்தவரின் உறுப்பினர் எண்ணில் ஒரு இலக்கம் தப்பு என்று செல்லாதக்கா திருப்பி அனுப்பினாள். அடுத்து தேதி இல்லை என்றாள். மூன்றாவது தடவை மடிப்பில் எழுத்து மறைகிறது என்றாள். தோழி என்று பாராமல் என்னை இப்படி அலையவிட்டாளே என்று சிரித்துக்கொண்டேன். அவள் ஓட்டு எனக்குத்தான் என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. பிரசாரத்துக்குக்கூட அவள் ஜன்னல் பக்கம் நான் போகவில்லை.

எண்ணிக்கை அன்று சங்க அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், சீட்டு பறந்துவிடும் என்று. வியர்த்துக் கொட்டியது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு ஓட்டு. எனக்கு நூற்றாறு, மறுபடி நின்ற பார்க்கலாம் சாருக்கு நூற்றைந்து, செல்லாதவை இரண்டு. சந்தேகம் என்று ஓரமாக வைத்த ஒரு சீட்டு மிச்சம். செல்லாதக்கா அதை எடுத்து விரித்தாள். டிக் அவர் பெயருக்கு நேராக இருந்தது. பக்கத்தில் ஒரு இனிஷியல். பின்பக்கத்தில் இருந்த அதே இனிஷியல்.

அவருடைய பிரதிநிதி முந்திக்கொண்டார். "இது உங்க இனிஷியல்தானே மேடம்? பின்னாடி போடறத முன்னாடியும் போட்டுட்டீங்க. அது அலுவலர் தப்பு, ஓட்டுப் போட்டவங்க தப்பில்ல. விதிப்படி இது செல்லும். நூத்தாறுக்கு நூத்தாறு. குலுக்கிப் போடுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆமாம் என்று அவள் தலையை ஆட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும், ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. அவள் சீட்டை மேஜைமேல் வைத்து நீவி விட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இது அலுவலரா போட்ட இனிஷியல் இல்ல. ஓட்டுப் போடறப்ப போட்டது. இது என்னோட சீட்டு" என்றாள். "செல்லாது."

நான் ஜெயித்துவிட்டேன். யாரோ கை தட்டினார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தாறு வருஷம் பக்கத்தில் நின்றவள், என் பிரசவத்தின்போது என்னோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள், எனக்கு ஓட்டுப் போடவில்லை. அதை அத்தனை பேர் நடுவில் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, முடிவுத் தாளில் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்கவும் எனக்கு வெறுப்பாக இருந்தது.

அதற்குப்பின் ஏழு வாரம், அடுத்தடுத்த ஜன்னலில் நின்றுகொண்டு, "அந்த டப்பாவ எடு", "இத சரிபாரு" தவிர நாங்கள் பேசவில்லை. அவள் ஒருமுறை ஏதோ சொல்ல வந்தாள். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சின்னவளுக்குப் பதிவுக் குழுவில் விசாரணை வந்தது. சங்கத் தலைவர் என்று நான் அவளோடு போனேன். நீள மேஜை, அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் இருந்தவர் அவளிடம், "ரெண்டு கையெழுத்தையும் நீயே போட்டியே, கை நடுங்கலையா?" என்று கேட்டார். அவள் அழ ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், நீங்க கடைசியா ஜன்னல்ல நின்னு மருந்து குடுத்தது எந்த வருஷம்? ஞாயித்துக்கிழமையில ரெண்டு ஜன்னலுக்கு ஒரே ஆளப் போட்டா வேற என்ன பண்ணுவாங்க? எல்லாரும் எல்லா ஞாயிறும் இப்படித்தான் ரெண்டையும் போடறோம்! இவளும் சேர்ந்த நாள்லேர்ந்து அப்படித்தான் போட்டிருக்கா!"

பேசி முடித்தபோது நெஞ்சு நிறைந்திருந்தது. நடுவில் இருந்தவர் கோபப்படக்கூட இல்லை. எழுதிக்கொண்டிருந்தவரிடம், "சேர்ந்த நாள்லேர்ந்து. அத அப்படியே எழுதிக்கோங்க" என்றார்.

ஒருநாள் தப்பு, முதல் தப்பு என்றால் எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள். வழக்கமான தப்பு என்று ஆக்கியது நான். இரண்டு வருஷத்துக்குப் பதிவை நிறுத்தி வைத்தார்கள்.

உத்தரவு வந்த சாயங்காலம் நேரே செல்லாதக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மாமியாருக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். தாளைக் கையில் கொடுத்தேன். படித்தாள். என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"எனக்கு ஏன்டி ஓட்டுப் போடல?" என்றேன். சின்னவளைப் பற்றித்தான் பேசப் போயிருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

"இதுக்குத்தான்" என்று தாளைக் காட்டினாள். "உனக்கு மூக்குக்கு மேல கோவம். உன் மனசு எனக்குத் தெரியும், உன் வாயும் எனக்குத் தெரியும். அவர் பார்க்கலாம்னு சொன்னா மறுநாளே போய்ப் பார்க்கிற ஆளு. நீ கத்திட்டு வந்தியே, அதுக்கு மறுநாளே போய் அந்தக் குழுவுல ரெண்டு பேர்கிட்ட பேசியிருக்கார். முதல் தப்புன்னு சொல்லி, மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தா எச்சரிக்கையோட போயிடும்னு அவங்களும் சொல்லியிருக்காங்க. எனக்கே அவர் ஓய்வு வாங்கிக்கிட்டுக் கிளம்பறன்னைக்குத்தான் சொன்னார். உன்கிட்ட சொல்ல வந்தேன், நீ திரும்பிக்கிட்ட."

அப்போதும் நான் விடவில்லை. "சரி, நான் நின்னப்பவே நிக்காதடின்னு சொல்லியிருக்கலாமே. மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே."

"தேர்தல் அலுவலர் ஒரு வேட்பாளரப் பார்த்து நிக்காதன்னு சொல்லலாமா? மூணு தடவ மனுவத் திருப்பினேன். அதுலயாவது உனக்கு அலுத்துப் போகும்னு பார்த்தேன்." அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னவள், துணியை அப்படியே வைத்துவிட்டாள். "அந்த ஓட்டச் செல்லாதுன்னு சொன்னேனே, அது சரி. எத்தனை தடவ கேட்டாலும் அதத்தான் சொல்வேன். உன்கிட்ட சொல்லாம இருந்தது தப்பு. விதிய ஒழுங்கா பார்த்தேன், அந்தப் பொண்ண விட்டுட்டேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து தப்பு என்ற சொல் தன்னைப் பற்றி வந்து நான் கேட்டதில்லை. அப்போதுதான் எனக்கு அவள்மேலிருந்த கோபம் கரைந்தது. என்மேல் இருந்தது கரையவில்லை.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. "நீ பேச வேண்டாம், நான் பேசறேன்" என்றாள். தேர்தல் அலுவலர் சங்கத்தின் சார்பில் எங்கும் பேசக் கூடாது என்பது விதி. மறுநாள் காலை மருந்தகத்துக்கு வந்ததும் தன் ராஜினாமாவை ஜன்னல் வழியாக நீட்டினாள். எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதுதான் தன் வேலை என்று பெருமைப்பட்டவள். வாங்கிக்கொள்ள என் கை நீளவில்லை. "தேதி போட்டிருக்கேன், சரியா பாரு" என்றாள்.

மேல்முறையீட்டில் நான் வெளியே நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாக மூடவில்லை. உள்ளே அவள் குரல் ஒருமுறையும் உயரவில்லை. வேலைப் பட்டியலை ஒவ்வொரு ஞாயிறாகப் படித்தாள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள்தான். இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்ற ஆஸ்பத்திரியின் உத்தரவைப் படித்தாள். இரண்டிலும் கையெழுத்து ஒரே அதிகாரியுடையது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

தண்டனை பாதியாகியது. ஒரு வருஷம். அதையும் எடுத்துவிட்டிருப்போம், ஆனால் வழக்கமாகச் செய்ததாக முதல் விசாரணையில் சங்கத் தலைவரே சொல்லியிருக்கிறார், அதை ஒதுக்க முடியாது என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. செல்லாதக்கா அதை என்னிடம் கொடுத்து, அந்த வரிமேல் விரலை வைத்தாள்.

சின்னவள் அந்தத் தாளை முழுக்கப் படிக்கவில்லை. ஒரு வருஷம் என்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்லாதக்காவுக்கு நன்றி சொன்னாள். பிறகு என் பக்கம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு உள்ள எனக்காக எழுந்து நின்னு கத்தினீங்களே, பொறந்ததுலேர்ந்து எனக்காக யாரும் அப்படிக் கத்தினதில்லக்கா. இந்த ஒரு வருஷத்த அத நெனச்சே ஓட்டிடுவேன்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். அந்த ஒரு வருஷமே நான் கத்தியதால் வந்தது என்று. வாழ்நாள் முழுக்க முந்திரிக்கொட்டைபோல் முந்திக்கொண்டு வந்த என் வாய் அன்று வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி அவள் படியிறங்கிப் போனாள்.