காலி சீட்டுக்கு அடித்த மணி

2025 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. கொல்லிமலை அடிவாரம், காரவள்ளி. மதியத்திலிருந்தே மலைப்பாதையைப் பனி மூடியிருந்தது.

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் சேந்தமங்கலம் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய், கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தே அப்படிச் சொல்லலாம். சொன்னவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் முறை சொன்னவர் யாரும் இல்லை.

கோகிலவாணிக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. அவருக்குக் கணக்கில்தான் நம்பிக்கை. ஸ்டாண்டில் மற்ற வண்டிகளெல்லாம் டீசல்; அவருடையது மட்டும் எலெக்ட்ரிக் கார். நகை வைத்து வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஸ்டாண்டில் 'மிக்ஸி' என்று பெயர். பெயர் வைத்தவர் தமிழ்செல்வன், பக்கத்து வண்டிக்காரர்.

"மிக்ஸி மலையேறுமாக்கா? பாதி வழியில கரண்டு தீந்துச்சுன்னா அப்புறம் அம்மிதான்."

"உன்ற வண்டி ஏறயில மலையே இருமுதாமா. மொதல்ல அதுக்கு மருந்து வாங்கிக் குடு, போ."

அந்த வாரம் வந்த வாடகை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து. மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டுப் பெண் அருணாவுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தேற்றி, ஒருவழியாக வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு கிலோ எட்டவில்லை. குளிர் மட்டும் படவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். கணவர் வேல்முருகன் வீட்டைச் சூடாக வைத்திருக்க முந்தின நாளே பஸ் ஏறிவிட்டார். டீசல் வாசம் பட்டாலே அருணாவுக்கு வளைவுகளில் குடல் வெளியே வந்துவிடும். அதனால்தான் மிக்ஸி.

தூரப் பயணம் என்றால் கோகிலவாணி முதல் நாளே செல்போனில் ரூட் பிளானரைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். எங்கே புறப்படுகிறோம், எங்கே சேர வேண்டும், எத்தனை பேர், எவ்வளவு சுமை, ஹீட்டர் ஓடுமா... எல்லாவற்றையும் கொடுத்தால், எங்கே நின்று சார்ஜ் ஏற்ற வேண்டும், போய்ச் சேரும்போது பேட்டரியில் என்ன மிச்சம் என்று அது சொல்லிவிடும். இருவர் என்று போட்டார். கைக்குழந்தைக்குத் தனிக் கட்டம் இல்லை. அதன் எடையைப் பெட்டி படுக்கையோடு சேர்த்தார். ஹீட்டர் முழுநேரமும் ஓடும் என்று குறித்தார். சங்ககிரியில் ஒரு முறை சார்ஜ். காரவள்ளியில் 44 சதவீதம். வீட்டு வாசலில் 16. இதுதான் கணக்கு.

காரவள்ளி வந்தபோது திரையில் 44 இருந்தது.

"பாத்தியா கண்ணு? இதுதான் இதுகிட்ட எனக்குப் புடிச்சது. சொன்னா சொன்னதுதான்."

அருணா பின்சீட்டில், ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை மார்போடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தாள். அது மூச்சு விடுவதே தெரியவில்லை. அடிக்கொரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். பைகளெல்லாம் டிக்கியில். மற்ற சீட்டுகள் காலி.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் இருபதில் பனி மெல்லிய துணிபோல் கிடந்தது. முப்பதைத் தாண்டியபோது பானெட்டின் நுனியே தெரியவில்லை. மேலே வரும் பஸ்ஸையும் காணோம், கீழே இறங்கும் பைக்கையும் காணோம். அகலமான ஒரு வளைவில் கோகிலவாணி ஓரங்கட்டினார். பனி கொஞ்சம் விலகட்டும் என்று நினைத்தார். எலெக்ட்ரிக் கார் நின்றால் சத்தமே இருக்காது. அந்த அமைதியில்தான் கேட்டது.

யாரோ இருமினார்கள்.

கைப்பிடிச் சுவர் பக்கம். ஒருவரா, இரண்டு மூன்று பேரா தெரியவில்லை. செருப்பு தார் ரோட்டில் உரசும் ஒலி. பஸ் வராமல் நடக்கிறவர்கள் போலிருக்கிறது என்று கோகிலவாணி நினைத்தார். அடிவாரத்து ஊர்களில் காலி வண்டி வைத்துக்கொண்டு, நடக்கிறவரைப் பார்த்தும் கேட்காமல் போனால் அவர் மனுஷரே இல்லை. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினார்.

"ஏனுங்க, மேலயா? எடமிருக்குதுங்க. வாரவங்க வாங்க!"

இருமல் நின்றது. கண்ணாடியை ஏற்றினார்.

பின்னாலிருந்து அருணாவின் குரல் கீச்சென்று வந்தது.

"அக்கா... ஆரைங்க கூப்பிட்டீங்க?"

"ஆரோ நடந்து போறாங்க."

"பேரு?"

"பேரு எனக்கெப்படித் தெரியும்?"

"எங்க ஊட்டுல பனிக்குள்ள பொதுவா 'வாங்க'ன்னு சொல்லவே மாட்டோமுங்க. பேரச் சொல்லித்தான் கூப்பிடுவோம். பொதுவாச் சொன்னா... கேட்டவங்கெல்லாம் வந்துருவாங்க."

"வந்தா வரட்டும். அவுங்களுக்கும் சேத்து வாடகை போட்டுக்கலாம்" என்று கோகிலவாணி வண்டியை எடுத்தார்.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் மணி. பின்சீட், இடது ஓரம். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிப்பது. திரையில் அந்தச் சீட்டின் படம் சிவப்பாக மினுக்கியது.

"பால் பையை அங்க வெச்சிருக்கியா சாமி?"

"இல்லீங்க. ஒண்ணுமே இல்லீங்க."

ஈரத்தில் கோளாறு என்று கோகிலவாணி முடிவு கட்டினார். அடுத்த வளைவில் இரண்டாவது படம் சிவந்தது. பின்சீட், நடு.

டிங்... டிங்...

அதற்கடுத்த வளைவில் மூன்றாவது. அவருக்கு இடப்பக்கம், முன்சீட்.

கண்ணெதிரே காலி சீட். ரெக்சினில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

ஆனால் வண்டி மாறியிருந்தது. அதை அவர் காலே சொன்னது. மிதித்த அளவுக்கு ஏறவில்லை. ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டு எழும்பி மரக்கிளைகளில் விழுந்தது. பின்பக்கம் சுமை அமுங்கினால்தான் அப்படி விழும். சர்க்கரை மூட்டை ஏற்றியபோது அவர் பார்த்திருக்கிறார்.

வாசம் ஒன்றும் வந்தது. அடிவாரத்து விவசாயி யாருக்கும் அது தெரியும். போர்வெல் போடுகிற இடத்தில் வருமே, ஈரக் கல்பொடி வாசம்... அதுதான்.

33 இருந்தது 30 ஆனது. 26. 23. பிளானர் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்தது. போய்ச் சேரும்போது மிச்சம் 9. பிறகு 4. பிறகு சிவப்பு எழுத்து. இந்த இருப்பில் இலக்கை அடைய முடியாது. அதன் கீழே ஒரு யோசனையும் இருந்தது. ஹீட்டரை அணைத்தால் அடையலாம்.

அருணா அதைப் படித்துவிட்டாள்.

"அணைக்கப் போறீங்களா அக்கா?"

"அணைக்க மாட்டேன்."

"திரும்பிக் கீழ போயிரலாமுங்களா?"

"போனாலும் இதே ஆளுங்களோடதானே போகோணும்?"

அருணா அழவில்லை. குழந்தையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அவள் பக்கக் கண்ணாடியில் மூச்சுப் பட்டு வெண்மையாகப் படர்ந்திருந்தது. மறுபக்கக் கண்ணாடி துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது.

அந்தப் பக்கம் யாரும் மூச்சு விடவில்லை.

19.

டிங்... டிங்... டிங்...

குழந்தை ஒரு தரம் சிணுங்கியது.

கோகிலவாணி பிரேக் போட்டார்.

பயமா என்று பின்னால் கேட்டவர்களிடம், ஆமாம் என்று அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். அருணாவுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துப் பேசினார்.

"இங்க பாருங்க. கூப்பிட்டது நாந்தான். இல்லைங்கல. ஆனா கணக்குல நீங்க இல்ல. இந்தப் பச்சப்புள்ள இன்னும் ரெண்டு கிலோ ஆகல. ஹீட்டர் நின்னா தாங்காது. உங்களைப் பனி ஒண்ணும் பண்ணப்போறதில்ல."

டிங்... டிங்...

"நான் கும்பிடப்போறதில்ல. தேங்கா ஒடைக்கப்போறதில்ல. ஊட்டுக்குத்தானே போகோணும்? கால் இருந்தா நடங்க, இல்லீன்னா எப்படி வந்தீங்களோ அப்படிப் போங்க. எறங்குங்க."

பனி கண்ணாடியில் உரசியது.

டிங்...

இடது ஓரப் படம் அணைந்தது.

கதவு திறக்கவில்லை. பின்பக்கம் மட்டும் லேசாக எழும்பியது, ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி.

நடுச் சீட்டின் படமும் அணைந்தது. மறுபடி எழும்பியது.

முன்சீட்டு மணி மட்டும் நிற்கவில்லை.

டிங்... டிங்... டிங்...

"உங்களுக்குத் தனியாச் சொல்லோணுமா?"

டிங்... டிங்...

"எறங்குன்னா எறங்கோணும்!"

டிங்...

18 ஆனது. நின்ற வண்டியில், ஹீட்டருக்கு மட்டும்.

அப்போது அருணா பேசினாள். அவள் ஊர் ஆண்கள் போர்வெல் லாரிக்குப் போகிறவர்கள்; அந்த வாசம் அவளுக்குத் தெரியும்.

"அண்ணா... நம்மூருதானுங்களே. தூரமில்லீங்க. மெல்ல நடந்து வாங்க..."

நெடுநேரம் போலிருந்தது.

மணி நின்றது.

ஹெட்லைட் மரத்திலிருந்து இறங்கி ரோட்டில் விழுந்தது.

கோகிலவாணி வண்டியை எடுத்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுத்தான் எடுத்தார். எழுபது வளைவும் ஏறி, சோளக்காடு ஊரின் கடை விளக்குகள் தெரிந்தபோதுதான் கோகிலவாணி வாய் திறந்தார். "தண்ணி இருக்குதா கண்ணு?" என்றார். வேல்முருகன் வீட்டு வாசலில் திரை 2 சதவீதம் காட்டியது. ஹீட்டர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையின் உள்ளங்கால் கதகதப்பாக இருந்தது. வேல்முருகன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதார்.

வண்டியின் சார்ஜ் வயரைத் தண்ணீர் மோட்டார் பிளக்கில் செருகிவிட்டு, கோகிலவாணி அங்கேயே தங்கினார். வேல்முருகனின் பெரியப்பா அர்த்தனாரி விவரம் கேட்டுவிட்டு, ஒரு சேவலைச் சுற்றிப் போட்டுவிடலாம் என்றார்.

"சேவல் என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்கு மேயட்டும் உடுங்க" என்றார் கோகிலவாணி.

மலையிறங்கிய பிறகு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டு, சீட்டுகளுக்கு அடியில் இருக்கும் சென்சார்களைப் பார்க்கச் சொன்னார். மூன்றும் சரியாக இருந்தன. பேட்டரியிலும் குறையில்லை.

மிச்சத்தை அவர் மறுநாள் திங்கட்கிழமை, மலையிறங்கும் முன்பே தெரிந்துகொண்டார். சொன்னவர் அர்த்தனாரி.

ஞாயிறு இரவு, ஊர் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில், அந்த ஊரில் மூன்று வீடுகளில் கதவு தட்டப்பட்டது. மூன்றிலும் திறந்து பார்த்தபோது ஆள் இல்லை. முதல் வீட்டு மகனும் இரண்டாம் வீட்டு மருமகனும் போர்வெல் லாரிக்கு வேலைக்குப் போனவர்கள். வடக்கே, வேறு வேறு வருஷங்களில் இறந்தவர்கள். உடலைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே புதைத்துவிட்டார்கள். அந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தட்டியது யாரென்று சந்தேகம் வரவில்லை. சொம்பில் தண்ணீர் எடுத்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தே போட்டுப் படுத்தார்கள்.

மூன்றாவது மாராயியின் வீடு. நாய் உருட்டுகிறது என்று நினைத்து அதட்டிவிட்டு, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டுக்குச் சாவுச் சேதி எதுவும் அதுவரை வந்ததில்லை.

திங்கள் காலை மாராயிக்கு போன் வந்தது. அவர் கணவர் சென்றாயன் மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் லாரியில் இருந்தார். ஞாயிறு மதியம் இரும்புக் குழாய் சரிந்து மேலே விழுந்திருக்கிறது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. கார் அப்போது காரவள்ளிக்கே வந்து சேரவில்லை.

சென்றாயனின் உடல் வியாழக்கிழமை மலைக்கு வந்தது. கோகிலவாணி அடக்கத்துக்குப் போய்விட்டு, அன்றே இறங்கி வந்தார்.