துடியலூர் வரைபடப் பிரிவுக்கு எழுதிய ஆட்-ஆன்

துடியலூரில் ஒரு பம்பு கம்பெனியின் வரைபடப் பிரிவில் புரோகிராமராக இருந்தேன். அங்கே எட்டுப் பேர் நாள் முழுக்க கேட் (CAD) என்ற வரைபட மென்பொருளில் பம்பு வரைவார்கள். வரைந்து முடித்ததும் படத்தில் இருக்கும் போல்ட், வாஷர், பேரிங் எல்லாவற்றையும் கண்ணால் எண்ணி, உதிரிபாகப் பட்டியலைத் தட்டச்சு செய்வார்கள். அந்தப் பட்டியலைத் தானாக எடுக்க, மென்பொருளோடு இணைந்து ஓடும் ஆட்-ஆன் ஒன்றை எழுதுவதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை.

மென்பொருளுக்குள் நுழைய மூன்று வழிகள் இருந்தன. அதோடு கூடவே வரும் லிஸ்ப் என்ற எளிய புரோகிராம் மொழியில் எழுதலாம். சி ஷார்ப்பில் எழுதலாம். சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினால் அதன் அடிமட்டம் வரை போகலாம். நான் மூன்றாவதை எடுத்தேன். வேகம் வேண்டும் என்று மேனேஜரிடம் காரணம் சொன்னேன். ஒரு பட்டியலுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. கடினமானதை எழுதுகிறவன் என்று பெயர் வாங்க ஆசை, அவ்வளவுதான். எக்செல் கோப்பு உருவாக்க, இணையத்தில் யாரோ எழுதி இலவசமாகப் போட்டிருந்த லைப்ரரி ஒன்றை, அதாவது ஆயத்த புரோகிராம் தொகுப்பை, சேர்த்துக்கொண்டேன். அதைக் கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பார்க்கவில்லை.

நாலு மாதத்தில் முடித்தேன். எல்லோரும் பயன்படுத்தினார்கள். அடுத்த வருடம் கேட் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. அன்று காலையே என் ஆட்-ஆன் திறக்க மறுத்தது. புதிய பதிப்புக்காக முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ய, அதாவது கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற, வேண்டியிருந்தது. அந்த எக்செல் லைப்ரரியோ புதிய கம்பைலரில் பக்கம் பக்கமாகப் பிழை காட்டியது. அதை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை.

மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது: யாருமே என்னிடம் வந்து கேட்கவில்லை. பிரிவில் மூத்தவரான பெண் வரைவாளரிடம் போனேன்.

"இப்ப லிஸ்ட் எப்படிங்க எடுக்கறீங்க?"

அவர் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சரி பண்ற வரைக்கும் சும்மா உக்கார முடியலைங்க. லிஸ்ப்புல நானே ஒண்ணு எழுதிப்போட்டனுங்க."

நாற்பது வரிகூட இருக்காது. ஓடுவதற்கு அரை நிமிடம் பிடித்தது. காற்புள்ளி போட்ட சாதாரண டெக்ஸ்ட் கோப்பைத் தந்தது; எக்செல் அதை அப்படியே திறந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் எனக்குப் புரியவில்லை.

"இது எதுக்குங்க?"

"வேண்டாம்னு உட்ட பார்ட்டைச் சில பேரு அழிக்க மாட்டாங்க. படத்துக்குள்ளயே தனி லேயர்ல ஒதுக்கி மறைச்சு வெச்சிருவாங்க. அதை எண்ணக்கூடாதுங்க. உங்களுது அதையும் சேத்து எண்ணிரும். நாங்க கையில குறைச்சுக்குவோம்."

"ஒரு வருசமாவாங்க?"

"ஆமாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க பெரிய வேலையா பண்ணீட்டு இருந்தீங்க. இதைப் போயி எப்படிங்க சொல்றது."

எனக்கு முகம் சுட்டது. அவர் குத்திக்காட்டவில்லை என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒவ்வொருவரும் எதை எந்த லேயரில் வைக்கிறார்கள் என்று மதியம் வரை கேட்டுக் குறித்துக்கொண்டேன். நாலு மாதம் எழுதியபோது ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

என் பழைய ஆட்-ஆனை நான் சரிசெய்யவில்லை. அவர் எழுதியதையே எட்டுக் கணினிகளிலும் ஏற்றினோம். ஏதாவது தவறினால் திரையில் காட்டும் பிழைச்செய்திகளை மட்டும் நான் சேர்த்தேன். கோப்பின் தலையில் எழுதியவர் என்று அவர் பெயரைப் போட்டேன். அவர் அதை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை.