மண் சாந்துச் சுவரில் ஏற்றிய மாடி

பதுளை டவுன் ஆபீஸில், ஒரு கடைக்கு மாடி கட்டக் கொடுத்த பிளானை ஓவர்சியர் ‘இந்தச் சுவர் தாங்காது’ என்று திருப்பிக் கொடுத்த அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கல் சுமந்து, மேசனாகி, அதே தோட்டத்துக்கு ஆட்கள் குடியிருக்கும் லயம் கட்டிக் கொடுத்து, தலைமை மேசனைக் கூப்பிடுகிற ‘பாஸ்’ என்ற பெயரை எடுத்தவன். ஓர் ஓவர்சியர் எனக்குச் சுவரைப் பற்றிச் சொல்வதா?

ஆனால் அவர் சொன்னது சரி. அது சோலைமுத்துப் பிள்ளையின் துணிக்கடை. முன்பு நானே கட்டியது. லயம் கட்டுகிற மாதிரியே கல்லுக்கு மண் சாந்து வைத்து, வெளியே மட்டும் சுண்ணாம்பு பூசியிருந்தேன். தகரக் கூரைக்கு அது போதும். மாடிக்குப் போதாது.

அப்போது தெமோதரைப் பக்கம் ரயில்பாதை வேலை. டவுனில் ஆட்கள் குவிந்தார்கள்; குடியிருக்க இடமில்லை. பாதிக் கடைக்காரர்கள் அனுமதி இல்லாமலே மாடி ஏற்றினார்கள்.

“பிளான் இல்லாட்டி என்ன பாஸ்? கூரை மாத்துறதுக்கு யாருகிட்டயும் கேக்க வேணாமே” என்றார் பிள்ளை.

“மாத்துறப்போ சுவரு கொஞ்சம் வளந்துருச்சுன்னு சொல்லிக்கலாங்க” என்றேன். இருவரும் சிரித்தோம்.

முன்பக்கம் தென்னங்கிடுகு கட்டி மறைத்தோம். தகரத்தை இறக்கி, சுவரை ஏழு முழம் உயர்த்தி, பலகைத் தளம் போட்டு, அதே தகரத்தை மேலே ஏற்றினோம். பதினெட்டே நாள். வேறு எவனாக இருந்தாலும் இரண்டு மாதம் இழுத்திருப்பான்.

ஓவர்சியர் வந்து கத்தினார். பிள்ளை அபராதம் கட்டினார்.

“அபராதம் கட்டுனா சுவருக்குப் பலம் வந்துருமாய்யா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார் ஓவர்சியர்.

மாடியில் தையல்காரர் காசிம் நானா மனைவியோடு குடிவந்தார். தெருப்பக்க ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டார். மூன்று மாதத்தில் என்னைக் கூப்பிட்டார்.

“ஜன்னலுக்குக் கீழ கீறல் விட்டிருக்கு பாஸ். பொஞ்சாதி பயப்படுறா. வேற எடம் பாக்கவா?”

தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். சுவர் இரண்டு விரற்கடை வெளியே சாய்ந்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் வேலை கெட்ட வேலை என்று கடைத்தெரு முழுக்கப் பரவும்.

“சுண்ணாம்பு காயுறப்போ வெடிக்கும் நானா. நம்ம ரெண்டு பேரும் போன பெறகும் இது நிக்கும்” என்று சொல்லிப் பூச்சுக் கரண்டியை எடுத்துப் பூசினேன். கீறல் இருந்த இடமே தெரியவில்லை. அப்படிப் பூச ஊவா மாகாணத்திலேயே அன்று ஆள் கிடையாது.

அடுத்த மாதம் அதே இடத்தில் விரல் நுழைந்தது.

“ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க பாஸ். இன்னைக்கே எறங்கிடுறோம்.”

நான் மறுபடியும் பூசினேன்.

ஐப்பசி மழையில் மண் சாந்து ஊறிவிட்டது. ஒரு மத்தியானம் முன்சுவர் அப்படியே தெருவில் சரிந்தது. பின்பக்கம் சமைத்துக்கொண்டிருந்த மனைவி தப்பினார். மெஷினில் இருந்த நானா சுவரோடு கீழே வந்தார். நானும் என் ஆட்களும் கல்லைப் புரட்டி எடுத்தோம். உயிர் இருந்தது. வலது கை நசுங்கிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

திட்டுவார் என்று நினைத்துக்கொண்டுதான் பார்க்கப் போனேன்.

“நீங்க ரெண்டு தரம் பூசுனீங்க பாஸ். அத நம்பித்தான் இருந்தோம்” என்றார். குரலில் கோபமில்லை.

இன்று கரண்டி பிடிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கீறலைக் காட்டக் கூப்பிட்டால் கரண்டியைக் கொண்டுபோகாதீர்கள். தூக்குக்குண்டை மட்டும் கொண்டுபோங்கள். சுவர் சாய்ந்திருந்தால் உள்ளே இருப்பவர்களை முதலில் வெளியே அனுப்புங்கள். பெயர் கெட்டால் கெடட்டும். காசிம் நானா என்னிடம் கேட்டது ஒரு வார்த்தைதான். ‘இறங்குங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.