அமாவாசையன்று வராத வைஃபை

எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. நெசவாளிக்கு மாதத்தில் அந்த ஒரு நாள் விடுமுறை. வீட்டுக்கு வைஃபை வந்த பிறகு இன்னொன்றையும் நான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு அதுவும் ஓடாது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அமாவாசை பார்த்துக் கம்பெனிக்காரன் லைனைக் குறைக்கிறான் என்று முடிவுகட்டி, ஒயர் பார்க்க வந்த ஆளிடம் சண்டை போட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். என் மனைவி தன் பங்குக்கு ரவுட்டருக்குக் குங்குமப் பொட்டு வைத்து, பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்தாள்.

மகளின் வேலை அந்த வைஃபையை நம்பி இல்லாதிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு எங்கள் பின்கட்டு அறையிலிருந்தே வேலை பார்த்துவந்தாள். மீட்டிங் நடுவே அவள் முகம் அப்படியே நின்றுவிடுகிறதாம், பேச்சு பாதியில் அறுகிறதாம். வீட்டிலிருந்தே தொடர்வதா, ஆபீசுக்கு வந்துவிடுவதா என்று பேச அவளுடைய மேனேஜர் ஒரு நாள் குறித்தார். காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை. ஆபீஸ் தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் இல்லை, ஹாஸ்டல்தான். இருப்பது ஒரே பெண். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

முந்தின நாள் சாயங்காலம் அவளே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அப்பா, நெட்டு வேற, வைஃபை வேற. ஒயர்ல ஊட்டுக்குள்ள வர்றது நெட்டு. அது நல்லாத்தான் வருது. இந்தப் பெட்டியிலேர்ந்து என் லேப்டாப்புக்குக் காத்துல வர்றதுதான் வைஃபை. தகராறு அதுலதான் இருக்குது."

போனில் ஒரு பட்டியலைக் காட்டினாள். தெருவிலுள்ள ரவுட்டர்கள் எல்லாம் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். ஒரு வீட்டுக்குப் பேத்தியின் பெயர், இன்னொன்றுக்குக் குலதெய்வம். எதிர்வீட்டுக்காரர் 'கேக்காதே தரமாட்டேன்' என்று வைத்திருந்தார். ஆளும் அப்படித்தான்.

"ரேடியோவுக்கு ஸ்டேஷன் மாதிரி இதுக்கு சேனல் இருக்குதுபா. நம்ம தெருவுல முக்காவாசி ஊடு ஒரே சேனல்ல இருக்குது. ஒரு பெட்டி பேசினா மத்ததெல்லாம் காத்துக்கினு நிக்கணும்."

"மத்த நாள்ல மட்டும் ஓடுதே?"

"மத்த நாள்ல எல்லாரும் தறியில இருக்கீங்க. அமாவாசைன்னா தெருவே படுத்துக்கினு வீடியோ பாக்குது. நீயும்தான்பா."

அன்றைக்குக் காலையிலிருந்தே போனில் மல்யுத்தம் பார்ப்பவன் நான்.

வழியையும் அவளே சொன்னாள். அதே ரவுட்டரில் இன்னொரு அலைவரிசை இருக்கிறதாம். வேகம் அதிகம், தெருவில் அதைப் பயன்படுத்துகிறவர்களும் குறைவு. ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். எங்கள் வீட்டுச் சுவரோ பழைய காலத்துக் கனம். ரவுட்டர் முன்கட்டில், தறிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்தால்தான் அது கிடைக்கும்.

"தறிச் சத்தத்துல எப்பிடிம்மா பேசுவ?"

"நாளைக்கு அமாவாசைப்பா. தறி ஏது?"

மறுநாள் தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு லேப்டாப்பைத் திறந்தாள். நான் நடையில் நின்றுகொண்டேன். என் போனில் வைஃபையை அணைத்திருந்தேன். எலுமிச்சம்பழம் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படம் நிற்கவில்லை, குரல் அறுபடவில்லை. மேனேஜர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே கேட்டது.

"இன்னைக்கு ரொம்பத் தெளிவா இருக்கும்மா. அப்போ வீட்டுலேர்ந்தே செய்யலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இல்ல மேடம்," என்றாள் மகள். "நான் ஆபீசுக்கு வரேன். நெட்டுக்காக இல்ல. எனக்கு வரணும்னு ஆசையா இருக்கு."

ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாமல் கேட்டது.

முதலில் கோபம்தான் வந்தது. அவள் பேசி முடித்து எழுந்ததும் நான் போய்த் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தேன். அமாவாசையன்று நான் செய்யாத காரியம் அது. அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோச்சுக்கினியாப்பா?"

"போவணும்னா பேசாம இருந்திருக்கலாமே. நெட்டு கெட்டதுன்னு அனுப்பியிருப்பேனே. எதுக்கும்மா சரி பண்ண?"

"அது மேல பழியப் போட்டுட்டுப் போவக் கூடாதுன்னுதான்பா. இருக்க முடியும், ஆனா போறேன்னு உங்கிட்ட சொல்லிட்டுப் போவணும்."

அழுதேன். அவளும் அழுதாள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என்ன ஏது என்று கேட்காமலே எங்களோடு சேர்ந்து அழுதாள்.

இப்போது ஹாஸ்டலில் இருக்கிறாள். லீவு கிடைத்தால் வருவாள். ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் போன் அதை மறக்காதாம். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதே, யாரையும் கேட்காமல் அது எங்கள் வைஃபையோடு சேர்ந்துகொள்ளும். உடனே பையிலிருந்து டிங் டிங்கென்று சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் நான் தறியை நிறுத்துவேன்.

எதிர்வீட்டுக்காரர் எங்கள் பாஸ்வேர்டை எப்படியோ தெரிந்துகொண்டு ஓசியில் படம் பார்க்கிறார். மாற்றிவிடுங்கள் என்று மனைவி தினமும் சொல்கிறாள். மாற்றினால் மகள் வாசலில் வந்து நிற்கும்போது அவளையும் பாஸ்வேர்டு கேட்கும். அவர் பார்த்துவிட்டுப் போகட்டும்.