நெத்திலியைக் குவித்து வைத்தேன்

பிள்ளைகளா, கல்வராயன் மலைச் சந்தையில் நான் கருவாடு விற்பது உங்களுக்குத் தெரியும். அந்த வியாபாரம் ஒருமுறை கையை விட்டுப் போகப் பார்த்தது. கள்ளக்குறிச்சியில் மொத்தமாக வாங்கிப் போன நெத்திலியில் பூஞ்சை பிடித்திருந்தது. மலைக்காரப் பெண் ஒருத்தி மூட்டையை மோந்து பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி இப்படிக் கொண்டாந்தா வண்டிய அடிவாரத்துலயே நிறுத்திக்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இனிமேல் என் கண் முன்னால் காய்ந்ததைத்தான் ஏற்றுவது என்று முடிவு செய்தேன். மொத்தக் கடைக்குச் சரக்கு வருவது பழவேற்காட்டிலிருந்து. குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அங்கேயே போனேன்.

ஏரி என்றால் நமக்குக் கரையும் மதகும்தானே. அங்கே எதிர்க்கரையே தெரியவில்லை. பாலத்தைத் தாண்டினால் கடல். ஏரிக்கரையில் ஓர் அக்கா வலை விரித்து நெத்திலி பரப்பியிருந்தார். விலை பேசி முடித்தேன். பாதிதான் காய்ந்திருந்தது.

"நாளைக்கு ஏத்திக்க தம்பி. வூட்ல சோறாக்கிட்டு வரேன், பாத்துக்க" என்று போனார்.

வானம் மூடியது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. களத்தில் நெல்லுக்குச் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரமெல்லாம் கல் வைத்தேன். மழை வரவே இல்லை.

அக்கா திரும்பி வந்து பாயைத் தூக்கினார். உள்ளே சூடு, புழுங்கின வாடை.

"இன்னா பண்ணிக்கினு கீற? இது இன்னா, நெல்லா?"

"மழை வரும்னு பார்த்தேன்க்கா."

"வந்தா அள்ளிக்கினு கொட்டாய்ல பரப்புவோம். ஈரத்தோட மூடுனா புழு வெக்கும். வெயில் இல்லன்னா இன்னா, ஏரிக் காத்து இல்ல?"

பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர், "மலைல அவிச்ச கருவாடு கேக்கறாங்க போல" என்றார்.

"அடுத்த வாரம் வா, வேற தரேன்" என்றார் அக்கா.

"இதை ஏத்தாம போறதில்லக்கா. கெட்டதுக்கும் காசு நான் தரேன்."

குழைந்ததைப் பொறுக்கி எறிந்தேன். மிச்சத்தை ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பினேன். வண்டியிலேயே படுத்து, மறுநாள் முழுக்கப் புரட்டினேன். அக்கா ஒன்றை எடுத்து ஒடித்தார். படக்கென்று ஒடிந்தது. "ஏத்து" என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது மனசு கேட்கவில்லை. ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, மூட்டைக்கு ஒன்றாக எடுத்து ஒடித்துப் பார்த்தேன். ஒரு மூட்டையில் மட்டும் வளைந்தது. மேலே சந்தை கூடியிருக்கும் என்று தெரியும். பாறை மேல் என் வேட்டியை விரித்து, அந்த மூட்டையைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பரப்பினேன்.