திருப்பிக் கடலில் விடுகிற நண்டுகள்

எபெல்டொஃப்ட் என்ற கடற்கரை ஊருக்கு நாங்கள் போனது எண்பதுகளின் நடுப்பகுதியில், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். அன்றைய நாட்குறிப்பில் பேருந்து புறப்பட்ட நேரம், காற்றின் திசை, கையில் கொண்டுபோன சாமான்கள் ஆகியவற்றை வழக்கம்போல ஒழுங்காக எழுதியிருக்கிறேன். நடந்தது எதையும் எழுதவில்லை. அதனால் இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

போனவர்கள் மூன்று பேர். நான், என் மனைவி, டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நாங்கள் இருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் தனியே வாழ்ந்த டெனிஷ் பெண்மணி.

மனைவி டென்மார்க்குக்கு வந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. கலியாணம் முடித்துச் சில மாதங்களிலேயே நான் ஊரை விட்டு வெளிக்கிட்டவன். இடையில் இரண்டு பனிக்காலம் போய்விட்டது. விமான நிலையத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், சுகம் கேட்டாள், என் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியேதான் இருந்தாள். விருந்துக்கு வந்தவள் மாதிரி. போட்டதைச் சாப்பிட்டாள், பாதியில் நிறுத்தினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். என்னோடு ஒரு சின்னச் சண்டைகூடப் பிடிக்கவில்லை. நான் வேலைக்குப் போனால் ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்து எதிர்க்கட்டடத்தின் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று கீழ்வீட்டுப் பெண்மணிதான் எனக்குச் சொன்னார்.

அந்த வாரத் தொடக்கத்தில் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மனைவி மெதுவாகச் சொன்னாள்: "என்னைக் கொழும்புக்கு அனுப்பிவிடுங்கோ. அக்காவோட இருக்கிறன். உங்களில ஒரு பிழையும் இல்லை."

பிழை இருக்கிறது என்றால் திருத்தப் பார்க்கலாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "சரி, திங்கட்கிழமை போய் டிக்கற் போடுவம்," என்று ஒப்புக்கொண்டேன். "ஓம்," என்றாள். அவ்வளவுதான்.

கீழ்வீட்டுப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தின் நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகச் சலவை இயந்திரம் இருந்தது. யாருக்கு எந்த நேரம் என்று சுவரில் ஒரு பலகையில் குறிக்க வேண்டும். அங்கே, உடுப்பு சுழன்று முடியும்வரை காத்திருந்த நேரங்களில்தான் எங்கள் நட்பு வளர்ந்தது. மொழிப் பள்ளியில் நான் படித்துவந்த டெனிஷ் வளர்ந்ததும் அங்கேதான். பெயரைச் சொல்லியே கூப்பிடு என்று அவர் பலமுறை சொன்னார். தாயின் வயதுள்ளவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. எனவே அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முன்னால் போய் நிற்பேன், அவர் திரும்பிப் பார்ப்பார்.

திங்கட்கிழமை விஷயத்தை அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஈர உடுப்பை உதறிக்கொண்டே, "சனிக்கிழமை மழை இல்லையாம். கடலுக்குப் போவோம். எனக்கும் குளிக்க வேண்டும்," என்றார்.

சனிக்கிழமை காலை மனைவி சேலை உடுத்து, அதற்கு மேலே நான் வாங்கிக் கொடுத்த குளிர்காலக் கோட்டைப் போட்டு, பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்தாள். ஜூலை மாதம் என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்குக் குளிருது," என்றாள். நான் பாணும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டியிருந்தேன். பெண்மணி கறுப்புப் பாணில் ஈரல் பசை பூசிக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, ஒரு பிளாஸ்க் கோப்பியோடு நின்றார். தனக்கு மட்டும்தான் சாப்பாடு கொண்டு வந்திருந்தார். அது இந்த நாட்டு வழக்கம், குறையாக எடுக்கக்கூடாது என்று மனைவிக்கு முன்கூட்டியே விளக்கினேன். அதற்கும், "ஓம்."

பேருந்து விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு போனது. இரு பக்கமும் கோதுமை வயல்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. பெண்மணி எங்களுக்கு முன் இருக்கையிலிருந்து திரும்பித் திரும்பி ஏதோ காட்டினார். ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொன்னேன்.

"இவ என்ன சொல்லுறா?"

"அந்தத் தேவாலயம் எண்ணூறு வருசம் பழசாம்."

"ம்."

எபெல்டொஃப்ட் சின்ன ஊர். கல் பதித்த ஒடுங்கிய தெருக்கள், ஒன்றையொன்று சாய்ந்து நிற்கிற மரச்சட்ட வீடுகள், சுவரோரமெல்லாம் ஆளுயரப் பூச்செடிகள். கோட் போட்ட மனைவியைப் பார்த்து ஐஸ்கிறீம் கடைக்காரர் தலையாட்டிச் சிரித்தார். அவள் என் பின்னால் ஒதுங்கினாள். கடற்கரைக்கு வந்ததும் பெண்மணி ஒரு துவாய் அங்கியைச் சுற்றிக்கொண்டு உடுப்பு மாற்றி, நீச்சலுடையோடு நேரே கடலுக்குள் நடந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "வா, வா! குளிர் இல்லை!" என்று கூப்பிட்டார். அவருடைய தோல் சிவந்து போயிருந்தது.

மனைவி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். "என்ன சொல்லுறா?"

"தண்ணி குளிரில்லையாம்."

"பொய்."

அந்த ஒரு சொல் எனக்குப் பெரிதாக இருந்தது. மேலும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள். பெண்மணி குளித்து, கோப்பி குடித்து, வெயிலில் மல்லாந்து படுத்தார். நான் மனைவியைத் துறைமுகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். இன்றைய நாளும் இப்படியே போய்விட்டது, இனி நாளை ஒரு நாள்தான் இருக்கிறது என்று நினைத்தபடி நடந்தேன்.

துறைமுகத்தின் மரப்பாலத்தில் ஒரு சிறுமி குப்புறப் படுத்திருந்தாள். ஆறு ஏழு வயதிருக்கும். ஒரு நூலின் நுனியில் உடுப்புக் காயப்போடும் கிளிப், அதன் வாயில் உடைத்த மட்டியின் சதை. அதைத் தண்ணீருக்குள் விட்டு, கொஞ்சம் பொறுத்து, மெல்ல மெல்லத் தூக்கினாள். மட்டியைக் கவ்விய நண்டொன்று கூடவே வந்தது. அதைப் பக்கத்து வாளிக்குள் தட்டினாள். வாளிக்குள் ஏற்கெனவே பச்சை நிறத்துச் சிறு நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

மனைவி நின்றுவிட்டாள். அவள் பிறந்து வளர்ந்தது கடலேரிக் கரையில். வாளியை எட்டிப் பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு சிறுமிக்குப் பக்கத்தில் குந்தினாள். சிறுமி ஒன்றும் கேட்காமல் இன்னொரு நூலை அவளிடம் நீட்டினாள். மனைவி அதை விட்டு எடுத்த வேகம் வேறு. ஒரே மட்டியில் இரண்டு நண்டு வந்தது. சிறுமி "ஓ!" என்று கத்தினாள். அடுத்து இன்னொன்று. மனைவி கோட்டைக் கழற்றி, பார்க்காமலே என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சிறுமி வாளியைத் தூக்கி மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, இன்னும் மட்டி பொறுக்கக் கற்களுக்குள் இறங்கினாள்.

"எங்களுக்குத் தந்திட்டுது," என்றாள் மனைவி. "சின்ன நண்டுதான். எண்டாலும் ஒரு சட்டி குழம்புக்குக் காணும். மிளகாய்த்தூள் கிடக்குத்தானே?"

"கிடக்கு, கிடக்கு," என்றேன். குழம்பு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்ட மகிழ்ச்சியில் வேறொன்றையும் யோசிக்கவில்லை.

அவள் வாளியை மடியோடு வைத்துக்கொண்டு, ஊரில் செய்கிறபடி, நண்டுகளைப் பின்பக்கத்தால் பிடித்துத் தூக்கி, கவ்வுகிற இரண்டு பெரிய கால்களையும் ஒவ்வொன்றாக முறித்தாள். முறிக்காவிட்டால் பாத்திரத்துக்குள் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும், வீட்டுக்குப் போகும்போது பாதிதான் மிஞ்சும். டக், டக் என்று சத்தம் கேட்டது. நான்கைந்து முடிந்திருக்கும். சிறுமி திரும்பி வந்து பார்த்தாள். கையிலிருந்த மட்டிகள் விழுந்தன. பாலமே அதிர்கிற மாதிரி வீரிட்டாள்.

தகப்பன் ஓடி வந்தார். அலறலைக் கேட்டுக் கடற்கரையிலிருந்து நம் பெண்மணியும் துவாய் அங்கியோடு வந்துவிட்டார். சிறுமி விக்கி விக்கிச் சொன்னதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். இந்த நாட்டில் பிள்ளைகள் பிடிக்கிற இந்த நண்டுகளை ஒருவரும் சாப்பிடுவதில்லை. பிடித்து, வைத்துப் பார்த்து, பின்னேரம் ஓட்டப்பந்தயம் விட்டுத் திருப்பிக் கடலுக்கு அனுப்புவார்கள். வாளியை அவள் தந்தது சற்று நேரம் பிடித்திருப்பதற்கு.

நான் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். சிறுமியிடம் கேட்டேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவரிடமும் கேட்டேன்.

"என்னவாம்?" என்றாள் மனைவி, கையில் நண்டோடு.

சொன்னேன்.

"பிடிச்சுப்போட்டுத் திருப்பி விடுறதோ? அப்ப ஏன் பிடிக்கிறது?"

"விளையாட்டுக்காம்."

"அந்தக் கிழவன் என்ன செய்தவர்? அவரிட்ட ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்?"

நம் பெண்மணி சிறுமிக்கு முன்னால் முழந்தாளிட்டு இருந்தார். "இவர்களுடைய நாட்டில் நண்டு சாப்பாடு. நீ மீன் சாப்பிடுவாய் அல்லவா? அப்படி," என்றார். "கால் திரும்ப முளைக்கும். அடுத்த கோடையில் வந்து பார்."

அதை நான் மனைவிக்குச் சொன்னேன்.

"முளைக்கும் எண்டு எனக்குத் தெரியாதே? கடலேரிக்காரிக்குப் படிப்பிக்கிறா!"

சிறுமி மூக்கைத் துடைத்துக்கொண்டு வாளியை வாங்கினாள். பந்தயத்தை இப்போதே வைக்க வேண்டும், இந்த மாமியிடம் இனி நண்டைக் கொடுக்க முடியாது என்று தகப்பனிடம் சொன்னாள். படகு இறக்குகிற சரிவில் வாளியைக் கவிழ்த்தாள். நண்டுகள் பக்கவாட்டில் பரபரவென்று தண்ணீருக்கு ஓடின. மனைவி கால் முறித்தவை பாரம் குறைந்ததனாலோ என்னவோ எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடின. முதலாவதாகத் தண்ணீருக்குள் விழுந்ததும் அவற்றில் ஒன்றுதான்.

மனைவி கை தட்டினாள்.

சிறுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து ஏதோ கத்தினாள்.

"என்ன சொல்லுது?"

"உம்மட நண்டு கணக்கில்லையாம். அதுக்குப் பாரம் இல்லையாம்."

"ஏன் கணக்கில்லை? வெண்டது வெண்டதுதான்! சொல்லுங்கோ அவளுக்கு!"

நான் சொல்லுமுன்னே அவளே சிறுமியிடம் தமிழில் சொல்லத் தொடங்கிவிட்டாள். சிறுமி டெனிஷில் மறுத்தாள். ஒருத்தி தண்ணீரைக் காட்ட, மற்றவள் தன் கையை நண்டுக் கால்போல மடக்கிக் காட்ட, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. மனைவியின் முழுக்குரலை அந்த நாட்டில் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். தகப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிழவர் தூண்டிலை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிறுமி மூச்சுவிடாமல் ஏதோ சொல்லி, நாக்கை நீட்டிவிட்டு, வெறும் வாளியோடு பாலத்தின் மறுமுனைக்குப் போனாள். மன்னித்தாள் என்று சொல்ல முடியாது.

திரும்பி வருகையில் பேருந்தில் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருசமா இஞ்சை இருக்கிறியள். நண்டைத் திருப்பி விடுவினம் எண்டு தெரியாதே?"

"தெரியாது."

"என்னத்தைத்தான் தெரிஞ்சு வைச்சிருக்கிறியள்? எண்ணூறு வருசத்துத் தேவாலயம் தெரியும். குழந்தைப்பிள்ளைக்கு முன்னால என்னைக் கொலைகாரி ஆக்கிப்போட்டியள். அதோட ஊரெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறியள்."

"நீர் ஏன் என்னைக் கேக்காமல் முறிச்சனீர்?"

"உங்களைக் கேட்டு நான் எப்ப நண்டு முறிச்சனான்?"

முன்னாலிருந்த பெண்மணி திரும்பி, "சண்டையா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "நல்லது," என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு இடம் விட்டு, சாரதிக்குப் பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டார். அவர் இப்போது இல்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் ஆடுகிற பேருந்தில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னுக்குப் போன அந்த முதுகுதான் முதலில் வருகிறது.

ஓகூஸின் கட்டடங்கள் தெரியத் தொடங்கியபோது துணிந்து கேட்டேன். "திங்கட்கிழமை டிக்கற் விஷயம்..."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, "அந்தப் பெட்டை கடைசியா என்ன சொன்னவள்?" என்றாள்.

"எனக்கும் விளங்கேல்லை. கெதியாக் கதைச்சவள்."

"உங்களுக்கும் விளங்கேல்லை," என்று பெருமூச்சு விட்டாள். "நீங்கள் படிக்கிற அந்தப் பள்ளிக்கூடம் திங்கட்கிழமை எத்தினை மணிக்குத் திறக்கும்?"

திங்கட்கிழமை காலை வெளிநாட்டவருக்கான மொழிப் பள்ளியின் கந்தோரில் மனைவி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதிவு செய்கிற இளம்பெண் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டாள். டெனிஷ் எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள்? நான் தமிழில் சொன்னேன்.

"சண்டை பிடிக்கிறதுக்கெண்டு சொல்லுங்கோ," என்றாள் மனைவி.

வேலை தேடுவதற்காம் என்று சொன்னேன். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள்.