காலடிக்காரர் செருப்புக் கடைக்கு வந்த கதை

சினிமாவில் ஒரு ஆள் மாடிப்படி ஏறி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் பிடிக்கும்போது அவன் நடக்கிற சத்தம் சரியாகப் பதிவதில்லை. பிறகு ஒரு இருட்டு அறையில், திரையைப் பார்த்துக்கொண்டே வேறொருவர் நின்ற இடத்தில் நடந்து அந்தச் சத்தத்தைக் கொடுப்பார். நான் சொல்ல வந்தது அந்த வேறொருவரைப் பற்றி. தொழிலில் அவரைக் காலடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கதாநாயகன் ஓடினால் இவருக்கு மூச்சு வாங்கும். கதாநாயகி கோபித்துக்கொண்டு போனால், மீசை வைத்த இந்த மனிதர் குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டிக்கொண்டு டக்டக்கென்று கோபித்துக்கொண்டு போவார்.

அவர் எந்தக் கம்பெனியிலும் சம்பளத்து ஆள் இல்லை. கூப்பிட்டால் போவார், இல்லையென்றால் வீட்டில் இருப்பார். வெகுகாலம் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். பிறகு படங்கள் குறைந்தன. எடுத்த படங்களும் வெளியே வர வழியில்லாமல் முடங்கின. மிச்சமிருந்த வேலையையும் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிற சத்தத்தை எடுத்து ஒட்டி முடித்துக்கொண்டார்கள்.

ஒலிப்பதிவுக்காரர் நல்ல மனிதர். அவருக்கு மூடி மறைக்கத் தெரியாது. "அண்ணே, உங்களக் கூப்பிடணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா இப்ப என்னையே யாரும் கூப்பிடல" என்றார்.

காலடிக்காரர் செல்போனைக் கையிலேயே வைத்திருந்தார். குளிக்கப் போனால்கூட அது குளியலறை ஜன்னலில் உட்கார்ந்திருக்கும். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். "அதுக்கும் ஒரு வாய் ஊட்டி விடுங்க, பாவம் பசியா இருக்கும்" என்பாள் அவர் மனைவி.

காலையில் இருவரும் சேர்ந்துதான் சாமி கும்பிடுவார்கள். போன் அடிக்க வேண்டும் என்று அவர் கேட்பார். அவள் என்ன கேட்டாள் என்று யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் கும்பிட்டுக் கண்ணைத் திறந்ததும் நேரே தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பிக்குக் கடைவீதியில் செருப்புக் கடை. தாயில்லாமல் போன வீட்டில் அவனை வளர்த்தவள் அவள்தான். அதனால் அவனுக்கு அக்கா மேல் பாசமும் உண்டு, பயமும் உண்டு.

"மாமாவக் கடையில வச்சுக்கடா."

"அக்கா, மாமா சினிமாக்காரர். கடையில நிப்பாரா?"

"நிப்பாரு. நான் சொல்றேன்ல."

"சரி, ஒரு மாசம் பாப்போம்."

அன்று அவள் கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "என் தம்பிகிட்ட இதுவரைக்கும் நான் எதையும் கேட்டதில்ல. இப்பக் கேட்டுட்டேன். என் பேச்சை மட்டும் காப்பாத்திக் குடுங்க."

அவருக்குச் சம்பளம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்தப் பேச்சுதான் நெஞ்சில் கனமாக உட்கார்ந்தது.

கடையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பிடிக்க அவர் கூச்சப்படுவாரோ என்று மச்சினன் பயந்தான். இத்தனை காலம் அடுத்தவர் கால்களாகவே பிழைத்த மனிதருக்கு என்ன கூச்சம்? வந்தவர்களை அன்பாக உட்கார வைத்தார், பொறுமையாக மாட்டிவிட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மச்சினன் சரக்கு வாங்க வெளியே போன அந்த நாள் வரைக்கும்.

புதிதாக வந்திருந்த தோல் ஷூக்களையும் பெண்கள் போடுகிற மூடு செருப்புகளையும் அலமாரியில் அடுக்கச் சொல்லிவிட்டு அவன் போனான். காலடிக்காரர் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார். டப்பாவைத் தட்டினாற்போலச் சத்தம். அவருடைய தொழிலில் புது ஷூவை அப்படியே மைக் முன்னால் கொண்டுபோக மாட்டார்கள். அடிப்பாகத்தைச் சிமெண்டில் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் மனுஷ நடை மாதிரி கேட்கும். கடைக்குப் பின்னால் நல்ல சிமெண்டுத் தரை இருந்தது. யோசனை எதுவும் ஓடவில்லை. கை பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. ஜோடி ஜோடியாகத் தேய்த்தார். வாயில் ஒரு சாமி பாட்டு ஓடியது. நெடுநாள் கழித்து மனசு லேசாக இருந்தது. அழகாக அடுக்கிவைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மச்சினன் திரும்பி வந்து ஒன்றை எடுத்தான். திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இதை யாரு போட்டுட்டு நடந்தது?"

"யாரும் போடல மாப்ளே. நான்தான் தேச்சு வச்சேன். இப்பத் தட்டிப் பாரு, சத்தம் எவ்வளவு நல்லா இருக்குன்னு."

"சத்தமா?" அவன் இன்னொன்றை எடுத்தான். அடுத்ததையும் எடுத்தான். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "வர்றவங்க இதைக் காதுலயா மாட்டிட்டுப் போகப் போறாங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து போய்ச் சரக்கு அறைக்குள் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். கடைக்காரன் போகச் சொன்னால் போய்விடலாம். ஆனால் மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பது? அவள் இங்கே வந்து நின்று, "என்னங்க ஆச்சு?" என்று கேட்பது போலவே இருந்தது. ஓரத்தில் பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. மனசு கலங்கினால் அவர் கை சும்மா இருக்காது. இரண்டு கையிலும் செருப்பை மாட்டி, கீழே கிடந்த பலகையில் அவள் நடையை நடந்தார். இடது கால் அழுத்தமாக விழும். வலது கால் ஒரு சின்ன இழுப்போடு வரும்.

வெளியே கல்லாவில் மச்சினன் தனியாகப் பொருமிக்கொண்டிருந்தான். "அக்கா சொன்னான்னு கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்..." சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு எழுந்து நின்றான்.

"வாக்கா, பின்வாசல் வழியா வந்தியா? ஒண்ணுமில்ல, நான் சும்மா பேசிட்டிருந்தேன். மாமா நல்லாத்தான் பாத்துக்கிறாரு" என்றபடியே திரைச்சீலையை விலக்கினான். உள்ளே மாமா மட்டும்தான் இருந்தார், கையில் செருப்போடு.

"அக்கா எங்க?"

"வீட்டுல."

"அப்ப நடந்தது யாரு?"

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். சொன்னால் நம்பமாட்டான் என்று இன்னும் இரண்டு எட்டு நடந்தும் காட்டினார். மச்சினன் ஒரு பெட்டியின் மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அந்த இழுப்புதான் மாமா. அம்மா செருப்பைப் போட்டுப் பழகினவ, இன்னைக்கும் ஒரு சைஸ் பெருசாத்தான் வாங்குவா. சின்ன வயசுல அந்தச் சத்தம் கேட்டாலே போர்வைய உதறிட்டு எழுந்துருவேன். இப்பவும் எழுந்துட்டேன் பாருங்க."

கோபம் போகவில்லை, ஆனால் பாதி கரைந்துவிட்டது. "சரி, கடை வாசல்ல மேசை போட்டு விலையைக் குறைச்சு வைப்போம். நீங்களே நின்னு விக்கணும். கேக்குறவங்ககிட்ட தேச்சு வச்சதுன்னு உள்ளதைச் சொல்லிருங்க. ஏன் தேச்சீங்கன்னு கேட்டா மட்டும் என்னைக் கூப்பிடுங்க."

வெயிலில் நின்று உள்ளதைச் சொல்லி விற்றார். சிலர் வாங்கினார்கள், சிலர் அடியைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மேசை மெதுவாகத்தான் காலியாகி வந்தது.

மாதக் கடைசியில் வாசலில் அந்த நடை கேட்டது. மச்சினன் கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாமா, விளையாடாதீங்க" என்றான்.

"என்னடா விளையாட்டு?" என்றாள் அக்கா.

அவன் துள்ளி எழுந்தான். காலடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். நடந்ததையெல்லாம் அவரே அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கேட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"மாசம் முடிஞ்சுதேடா. என்ன சொல்ற?"

"உனக்காகத்தான் சேத்தேன். இனி நீயே வந்து கூப்பிட்டாலும் அனுப்பமாட்டேன். கடையில பொழுது போகுது."

அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக் கண்ணை மூடித் திறந்தாள். கடவுளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள் போல.

மேசையில் மிச்சமிருந்த மூடு செருப்பில் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு காலடிக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். "காலைக் குடு."

"விடுங்க, யாராவது பாக்கப் போறாங்க."

"கடைன்னா பாக்கத்தான் செய்வாங்க. இது உன் சைஸ். பெருசு கேக்காத."

ஒரு காலில் மாட்டியபோது அவர் பையில் போன் அடித்தது. ஒலிப்பதிவுக்காரர்.

"எடுங்க, அதுக்குத்தான தவம் கெடந்தீங்க" என்றாள்.

"இன்னொரு கால் இருக்குல்ல" என்று அதையும் மாட்டிவிட்டுத்தான் எடுத்தார். ஏதோ சின்னப் படம், ஒருநாள் வேலை. மச்சினன் உள்ளே இருந்தபடியே, "போயிட்டு வாங்க, செருப்பு மட்டும் கடையிலிருந்து எடுக்காதீங்க" என்றான்.

அன்று கடை சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது அவள் முன்னால் நடந்தாள். புதுச் செருப்பு வழுக்கவில்லை. வலது காலில் அந்த இழுப்பும் இல்லை. இந்த நடை அவருக்குத் தெரியாத நடை. இனிமேல்தான் படிக்க வேண்டும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தார்.